சோலார் இருக்கட்டும்... முதலில் குடோன் கதவைச் சாத்துங்க!

தேனியிலிருந்து குமுளி போகும் ரோட்டில் பழனிசெட்டிபட்டியைத் தாண்டினால் வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவுக்கு கௌமாரியம்மன் கோயிலுக்கு வந்து போனவர்களுக்கு முல்லையாறும் கூட்டமும்தான் ஞாபகம் இருக்கும். வருஷத்தின் மற்ற நாட்களில் இந்த ரோட்டை ஆள்வது லாரிகள். வாழை, தேங்காய், காய்கறி, நெல், பஞ்சு பேல், நூல் பெட்டி என்று கம்பம் பள்ளத்தாக்கு விளைவிப்பதும் தேனி வட்டாரத்து ஆலைகள் தயாரிப்பதும் இப்படித்தான் வெளியே போகின்றன. போடி பக்கம் போனால் ஏலக்காய். இதில் பெரும்பாலானவை ஒரு ராத்திரியாவது ஏதோ ஒரு கூரைக்குக் கீழே தங்கித்தான் கிளம்பும். அந்தக் கூரைக்கு வரும் கரண்ட் பில்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'குடோனுக்கு எதுக்குங்க அவ்வளவு கரண்ட்?' என்று கேட்கலாம். சாதாரண தகர ஷெட் என்றால் விளக்கு, ஃபேன், எடை மெஷின், அவ்வளவுதான். ஆனால் வாழைக்காயைப் பதமாக வைக்கும் குளிரறை, பழுக்க வைக்கும் அறை, திராட்சைக்கான குளிர்பதனக் கிடங்கு என்று வந்துவிட்டால் கதையே வேறு. அங்கே கம்ப்ரஸர் ராத்திரி பகலாக ஓடும். வாடகை, கூலிக்கு அடுத்து முதலாளியின் தூக்கத்தைக் கெடுப்பது ஈ.பி. பில்தான்.

அந்த பில் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் பெரிய உயர்வு. அதன்பின் ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஓர் உயர்வு: 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83, 2025-ல் 3.16. வீடுகளுக்கு இடையில் விலக்கு கிடைத்தது, தொழில் இணைப்புகளுக்குக் கிடைக்கவில்லை. மூன்றையும் வட்டிக்கு வட்டி போலக் கூட்டினால் பத்தரை சதவீதம். அதே மூன்று வருஷத்தில் ஒரு வாழைப் பெட்டிக்குக் கிடங்கு வாடகையைப் பத்தரை சதவீதம் ஏற்ற முடிந்ததா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இந்த நெருக்கடிக்கு எல்லோரும் சொல்லும் ஒரே மருந்து, 'கூரை மேல சோலார் போட்டுடலாம்.' சோலார் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்று இரண்டாவது மோட்டார் வாங்குவது போலத்தான் இது ஆகிக்கொண்டிருக்கிறது. குடோன்களில் மின்சாரம் வீணாகும் இடம் முதலில் கதவு, அடுத்தது கூரை, அப்புறம் சரக்கு உள்ளே வரும் நேரம். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு சோலாருக்கு ஆவதில் ஒரு சிறு பங்கு. அப்படியிருந்தும் ஏன் யாரும் தொடுவதில்லை என்பதுதான் விஷயம். அதற்குக் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை, வாடகைச் சீட்டில் இருக்கிறது.

உருளைக்கிழங்கும் வாழையும் ஒண்ணா?

இந்தியாவில் உள்ள குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்காகக் கட்டப்பட்டது. உத்தரப் பிரதேசமும் மேற்கு வங்கமும்தான் அதில் பெரிய கைகள். உருளைக்கிழங்குக் கிடங்கு எப்படி இயங்கும்? அறுவடை முடிந்ததும் மூட்டைகளை அடுக்கிக் கதவைச் சாத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும். விலை பார்த்து எடுப்பார்கள். அங்கே கதவு திறப்பது எப்போதாவதுதான். சுவரும் கூரையும் நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நம்ம பள்ளத்தாக்கு வாழை அப்படியில்லை. இன்று வெட்டியது நாளை அல்லது மறுநாள் லாரி ஏறிவிடும். பழுக்கப்போட்டதென்றால் நான்கைந்து நாளில் வெளியே வந்தாக வேண்டும். அதாவது இது சரக்கு தூங்கும் இடம் இல்லை, பஸ் ஸ்டாண்ட். கதவு நாள் முழுக்கத் திறந்து மூடியபடியே இருக்கும். பெட்டிகள் ஏற்றும் ஒன்றிரண்டு மணி நேரம் மூடவே மூடாது. இந்த வகைக் கிடங்கில் குளிர் தப்பிக்கும் பெரிய வழி கதவுதான். சுவரில் எவ்வளவு கனமான பஃப் பேனல் வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்பவர்கள், கதவு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

திறந்த கதவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் ஊதுபத்தி போதும். குளிரறைக் கதவைப் பாதி திறந்து, நிலைக்குக் கீழே தரையோடு ஊதுபத்தியைப் பிடித்தால் புகை வெளியே ஓடும். அதையே தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் புகை உள்ளே போகும். குளிர்ந்த காற்று கனமானது, மடை திறந்த தண்ணீர் மாதிரி கீழே வழிந்து வெளியேறுகிறது. அது காலி செய்த இடத்துக்கு மேல் பக்கமாக வெளிக்காற்று நுழைகிறது. வருவது வெறும் சூடு மட்டும் இல்லை, ஈரமும்தான். அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வடிப்பதற்கும் கம்ப்ரஸர்தான் உழைக்க வேண்டும். திராட்சைக்காக பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் அறை என்றால் இன்னும் மோசம். ஈரம் எவாப்பரேட்டர் காயிலில் பனியாக உறையும், காற்று போக வழி அடைபடும். அப்புறம் அந்தப் பனியைக் கரைக்க ஹீட்டர் போட வேண்டும். குளிரூட்டக் காசு, உறைந்ததைக் கரைக்கக் காசு, கரைத்த சூட்டை வெளியேற்ற மறுபடி காசு.

கதவில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரை இதில் பெரும்பகுதியைத் தடுக்கும். ஸ்ட்ரிப் கர்ட்டன் என்று கடையில் கேட்டால் தருவார்கள், குளிரறையில் இதைவிட மலிவான கருவி கிடையாது. பல இடங்களில் மாட்டியும் இருப்பார்கள். ஆனால் பட்டைகளை மேலே சுருட்டிக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள்! காரணம் கேட்டால், 'லோடுமேன் கேக்க மாட்டேங்கறாங்க' என்று பதில் வரும். ஏன் கேட்க வேண்டும்? பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. தோளில் பெட்டியோடு வருகிறவர் முகத்தில் அழுக்கேறி விறைத்துப்போன பட்டை அடித்தால் அவர் அதைக் கட்டித்தான் வைப்பார். பட்டை மங்கி விறைத்தால் மாற்ற வேண்டும், அந்தப் பக்கம் வருகிறவர் தெரியும்படி பளிச்சென்று இருக்க வேண்டும். முடிந்தால் கதவுக்கு வெளியே சின்னதாக ஒரு முன்னறை கட்டி, பெட்டிகளை அங்கே மொத்தமாக எடுத்து வைத்துவிட்டு, குளிரறைக் கதவைச் சாத்திய பிறகு லாரியில் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் தொழிலாளியைத் திட்டுவதில் ஒரு யூனிட்கூட மிச்சமாகாது.

கதவின் ரப்பர் விளிம்பையும் பாருங்கள். ஒரு பேப்பரை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்கணும். லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது என்று அர்த்தம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பழுக்கவைக்கும் அறையில் காய்கள் மூச்சுவிட்டுக் கரியமில வாயு சேரும். அதை அவ்வப்போது வெளியேற்றாவிட்டால் பழம் சீராகப் பழுக்காது. ஆகவே அங்கே குறித்த நேரத்தில், குறித்த நிமிஷங்களுக்குக் காற்றோட்டம் விட்டே ஆகணும். நான் குறை சொல்வது கணக்கில்லாமல் திறந்து கிடக்கும் கதவை.

வெயில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம்

இப்போது கொஞ்சம் கணக்கு. வாழைக்காயை 13, 14 டிகிரியில் வைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் மங்கிக் கருத்துவிடும், பழுக்கவைத்தாலும் நிறம் வராது. ('பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று 12-ல் செட் பண்ணி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கரண்டும் கூட, சரக்கும் கெடும். இதைவிட நஷ்டமான பாதுகாப்பு வேறு இல்லை.)

மதியம் 12 மணிக்கு வெட்டி, வெயிலில் காய்ந்து, 32 டிகிரிச் சூட்டோடு வரும் ஒரு டன் காயை 14-க்கு இறக்க, கம்ப்ரஸர் நல்ல நிலையில் இருந்தால் உத்தேசமாக ஐந்தரை யூனிட் ஆகும். அதே காயை விடியற்காலையில் வெட்டி, நிழலில் வைத்து, 24 டிகிரியில் கொண்டுவந்தால் மூன்று யூனிட் போதும். தினம் பத்து டன் கையாளும் இடத்தில் வித்தியாசம் 25 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 200 ரூபாய், மாதம் 6,000. ஒரு ரூபாய் முதலீடு கிடையாது. கூடவே இன்னொரு லாபம்: சூடான காய் வேகமாக மூச்சுவிடும், அதுவே மேலும் சூட்டைக் கிளப்பும், பழுக்கும் நாளும் முன்னால் வந்துவிடும். குளிர்ந்து வரும் காய் தங்கும்.

வாழையில் அனுபவம் உள்ள விவசாயிக்கு இது புதுச் செய்தி இல்லை. பிறகு ஏன் நடப்பதில்லை? வெட்டும் ஆட்கள் ஒரு தோட்டம் முடித்து அடுத்த தோட்டம் வருவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. லாரி வரும் நேரம் வியாபாரி கையில் இருக்கிறது. தோட்டத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகையோ, தார் இறக்கிச் சீப்பு பிரித்துக் கழுவிப் பெட்டி போட ஒரு சிப்பம் கட்டும் கூடமோ இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். நாடு முழுக்க நிலைமை என்ன என்று தேசிய குளிர்சங்கிலி மேம்பாட்டு மையத்துக்காக 2015-ல் ஓர் ஆய்வு நடந்தது. குளிர்பதனக் கிடங்கு கொள்ளளவு தேவையை ஏறக்குறைய எட்டிவிட்டது என்றது அது. ஆனால் தோட்டத்துப் பக்கம் இருக்க வேண்டிய சிப்பம் கட்டும் கூடங்கள் 70,000 தேவைப்படும் இடத்தில் இருந்தவை சுமார் 250. பிரம்மாண்டமான குளிர்ப்பெட்டியைக் கட்டிவிட்டோம், அதற்குள் சரக்கைச் சூடு ஆறவைத்து அனுப்பும் திண்ணையைக் கட்டவில்லை. இந்தக் குறையின் விலையைக் கம்ப்ரஸர் கட்டுகிறது.

ஒரே யூனிட்டுக்கு இரண்டு முறை காசு

குளிரறைக்குள் எரியும் விளக்கும் சுற்றும் ஃபேனும் வெறும் கரண்ட் தின்பதோடு நிற்பதில்லை. அவை தின்ற கரண்ட் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள கம்ப்ரஸர் ஏறக்குறைய இன்னொரு மூன்றில் ஒரு பங்கு யூனிட் எடுத்துக்கொள்கிறது. வெளியே ஒரு பழைய விளக்கை மாற்றினால் ஒரு மடங்கு லாபம் என்றால், உள்ளே மாற்றினால் ஒன்றே கால் மடங்குக்கு மேல்.

ஃபேனில் ஒரு விசேஷம் இருக்கிறது. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் கரண்ட் 20 சதவீதம் குறையும் என்றுதான் தோன்றும். உண்மையில் பாதியாகக் குறையும். ஃபேனின் மின் தேவை வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பது இயற்பியல் (0.8 × 0.8 × 0.8 = 0.51). குளிரறையில் முக்கால் கிலோவாட் ஃபேன் நான்கு, 24 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடினால் நாளுக்கு 72 யூனிட். சரக்கு குளிர்ந்து முடித்த பின்னும் அதே சூறாவளி தேவையில்லை. வி.எஃப்.டி. என்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்து நாளில் பாதி நேரம் 80 சதவீத வேகத்தில் ஓட்டினாலே, கம்ப்ரஸர் மிச்சத்தையும் சேர்த்து 23 யூனிட் வரை குறையும். காற்று மூலைமுடுக்கெல்லாம் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நடு அடுக்கில் காய் முன்கூட்டியே பழுத்துவிடும்.

குளிரூட்டாத சாதாரண குடோனிலும் விளக்கு கணக்கு சின்னது இல்லை. இன்னும் பல இடங்களில் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் தொங்குகின்றன. அதன் சோக்கையும் சேர்த்தால் 440 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 150 வாட் எல்.இ.டி. போதும். 20 விளக்கு, நாளுக்குப் பத்து மணி நேரம், வருஷத்தில் 300 நாள் என்று பெருக்கினால் மிச்சம் 17,400 யூனிட். ரூபாயில் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல். பஞ்சு பேல் அடுக்கிய குடோனில் சூடான விளக்கைத் தவிர்ப்பதற்குத் தீ பயம் என்ற காரணமும் சேர்ந்துகொள்கிறது.

பகலில் விளக்கே வேண்டாம், கூரையில் ஒளிபுகும் ஷீட் நாலு மாட்டினால் போதும் என்பார்கள். நெல்லுக்கும் தேங்காய்க்கும் சரி. ஏலக்காய்க்கு வேண்டவே வேண்டாம். அதன் விலையே பச்சை நிறத்தில்தான் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால்தான் கறுப்பு பாலிதீன் வைத்த சாக்கில் கட்டி இருட்டறையில் வைக்கிறார்கள். ஒரு குடோனுக்குச் சரியானது பக்கத்து குடோனுக்குத் தப்பாகலாம். அதனால்தான் ஊர் முழுக்க ஒரே திட்டம் என்று வரும் விற்பனைப் பேச்சுகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்கச் சொல்கிறேன்.

தகரத்துக்குக் கீழே மனுஷங்க இருக்காங்க

மே மாத மதியத்தில் தகரக் கூரை 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். அந்தச் சூடு கீழே நிற்பவர் தலையில் அடுப்பு மாதிரி வீசும். ஃபேன் போட்டால் அந்தச் சூடான காற்றைத்தான் கிளறிவிடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பம் என்றால் சாலையில் நடப்பவர்களையும் வயலில் நிற்பவர்களையும் மட்டுமே நினைக்கிறோம். ஷெட்டுக்குள் மூட்டை தூக்குகிறவர் நிழலில்தானே இருக்கிறார் என்று விட்டுவிடுகிறோம். அந்த நிழல் பல நேரம் வெளியைவிடச் சூடு.

கூரையில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் தகரத்தின் சூடு 15 டிகிரி அளவுக்கு இறங்கக்கூடும். தெலங்கானா 2023-ல் கூல் ரூஃப் கொள்கை என்றே ஒன்றைக் கொண்டுவந்து பெரிய கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கியது. நம்மிடம் குடோன்களுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. தூசி படிந்தால் பூச்சு பலன் குறையும், வருஷத்துக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

காற்று விஷயத்தில் கம்பம் பள்ளத்தாக்கு அதிர்ஷ்டசாலி. மலைத்தொடரின் இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாயும் தமிழகக் கணவாய்களில் இதுவும் ஒன்று. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். கூரை உச்சியில் சுழலும் உருண்டை வென்டிலேட்டருக்கு மின்சாரமே வேண்டாம், காற்றே சுற்றிவிடும். ஆனால் நடைமுறையில் பல ஷெட்களில் உச்சியில் உருண்டை சுற்றும், கீழே காற்று நுழைய வழி இருக்காது. நான்கு பக்கமும் அடைத்துவிட்டு உறிஞ்சச் சொன்னால் எதை உறிஞ்சும்?

பில்லின் முதல் பக்கத்தைப் படிங்க

குடோன்காரர்கள் பெரும்பாலும் கட்ட வேண்டிய தொகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். உயர் அழுத்த இணைப்பு உள்ளவர்களுக்கு, யூனிட்டைத் தொடாமலே பணம் போகும் இடம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் செய்த மின் தேவை 150 கே.வி.ஏ. என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 100-க்கு மேல் ஏறியதே இல்லை. ஆனாலும் ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்கு, அதாவது 135-க்குக் கட்டணம் உண்டு. ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 600 ரூபாயை ஒட்டி என்றால், தொடாத 35-க்கு மாதம் 21,000. வருஷத்துக்கு இரண்டரை லட்சம். ஒப்பந்த அளவைக் குறைக்க ஒரு விண்ணப்பம் போதும். 'பின்னாடி விரிவாக்கம் பண்ணுவோம்ல' என்று பத்து வருஷமாகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

காலை, மாலை நெரிசல் நேர யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் அபராதம், பழுதான கெபாசிட்டரை மாற்றாமல் விட்டதற்கு மாதாமாதம் தண்டம்.

இங்கேதான் சோலார் கணக்கு இடிக்கிறது. குடோனில் லாரிகள் கிளம்புவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. அப்போதுதான் கதவு திறக்கும், கம்ப்ரஸர் திணறும், கட்டணமும் உச்சத்தில் இருக்கும். சூரியன் அந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார். பகலிலேயே கூடுதலாகக் குளிரூட்டி வைத்துவிட்டு ராத்திரி ஓட்டலாமே என்றால், உறைபொருள் கிடங்கில் அது நடக்கும். வாழையில் நடக்காது, ஏற்கெனவே சொன்னபடி 13-க்குக் கீழே போகக் கூடாது. குளிரைச் சேமிக்கும் தனித் தொட்டியோ பலகையோ வேண்டும், அதற்குத் தனிச் செலவு. கதவைச் சரிசெய்தவருக்கு மாலை நேரச் சுமை குறையும், அதன்பின் சோலாரும் சின்னதாகவே போதும். இந்த வரிசை மாறினால், வீணாகும் குளிருக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவதாகிவிடும்.

இன்னொன்று: கண்டென்சர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் குடோனுக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம், தூசி அடைத்து, தான் விட்ட சூடான காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு நிற்கும். அங்கே ஒவ்வொரு டிகிரி சூடு ஏறும்போதும் கம்ப்ரஸரின் கரண்ட் தோராயமாக 2, 3 சதவீதம் ஏறும். மேலே ஒரு நிழல், மாதம் ஒரு முறை சுத்தம். அவ்ளோதான்.

அப்புறம் ஏன் யாரும் செய்யறதில்ல?

கட்டடம் ஒருவருடையது. வாடகைக்கு எடுத்து நடத்துபவர் இன்னொருவர். சரக்கு மூன்றாமவருடையது. கரண்ட் பில்லைக் கட்டுபவர் நடுவில் இருப்பவர். கூரைக்குப் பூச்சு அடித்தால் பில் குறைவது அவருக்கு, செலவு செய்ய வேண்டியவர் கட்டட உரிமையாளர். அவர் ஏன் செய்வார்? நடத்துபவர் தானே செய்யலாம் என்றால், ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். போட்ட காசு திரும்ப இரண்டு வருஷம் ஆகும் வேலையை 11 மாதச் சீட்டை நம்பி யார் தொடங்குவார்கள்? ஆக மொத்தம், வீணாகும் கரண்ட் பெட்டி வாடகையில் ஏறுகிறது. வியாபாரி அதைத் தன் லாபத்தில் கழிப்பதில்லை, தோட்டத்தில் காய்க்குப் பேசும் விலையில் கழிக்கிறார். கதவு திறந்து கிடக்கும் குடோனுக்கான பில்லைக் கடைசியில் கட்டுவது சின்னமனூர்ப் பக்கத்து வாழைக்காரர்.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2020-ல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. தோட்டக்கலை இயக்கத்தில் குளிர்பதனக் கிடங்குக்கு 35 சதவீதம் வரை மானியம் உண்டு, பழையதை நவீனப்படுத்தவும் உதவி இருக்கிறது. ஆனால் ஊரில் பேச்சு எழும்போதெல்லாம் அது புதுக் கட்டடத்தைப் பற்றித்தான். கட்டி முடித்துத் திறப்பு விழா நடந்த கிடங்கு ஒரு டன் சரக்குக்கு எத்தனை யூனிட் எரிக்கிறது என்று அதன்பின் யார் கேட்கிறார்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்கும் திட்டம் ஒன்று 2025 ஜூலையில் வந்தது. மத்திய எரிசக்தி சேமிப்பு அமைப்பின் 'அதிதீ'. 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் வட்டிச் சலுகை. உணவு பதப்படுத்தல், ஜவுளி உள்பட 14 துறைகளுக்கு. குறைந்தது 10 சதவீத மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்பது நிபந்தனை, அளந்து காட்டவும் வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த நிபந்தனைதான். கான்கிரீட்டுக்குக் கொடுக்கும் மானியத்தையும் இப்படி யூனிட்டோடு முடிச்சுப் போட வேண்டும். முதல் தவணை கட்டடத்துக்கு, கடைசித் தவணை ஒரு வருஷ மின் கணக்கைக் காட்டிய பிறகு என்று வைத்தால், கதவு தானாக மூடும்.

அளப்பதற்கு ஆள் இல்லையா என்றால், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சீக்கிரம் வாடிவிடும் அந்தப் பழத்தை வெளியூருக்குக் கொண்டுபோக இனிமேல்தான் குளிரறைகள் வரப்போகின்றன. பள்ளத்தாக்கில் நான்கைந்து கிடங்குகளில் ஒரு வருஷம் மீட்டர் வைத்து, டன்னுக்கு இவ்வளவு யூனிட் என்று ஓர் உள்ளூர் அளவுகோலை வெளியிட்டால் புதிதாகக் கட்டுபவர்கள் அதை வைத்துப் பேரம் பேசலாம். இப்போது அவர்கள் கையில் இருப்பது இயந்திரம் விற்பவரின் விளம்பரத் தாள் மட்டும்தான்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வாடகைச் சீட்டைப் புதுப்பிக்கும்போது இரண்டு வரி சேர்க்கலாம்: கூரைப் பூச்சும் கதவு வேலையும் உரிமையாளர் செலவு, அதனால் குறையும் பில்லில் பாதி, செலவு திரும்பும்வரை வாடகையோடு சேர்த்து அவருக்கு. சீட்டும் 11 மாதத்துக்குப் பதில் மூன்று வருஷம் என்று பதிவு செய்துகொள்ளணும். பில் எவ்வளவு குறைந்தது என்று சண்டை வராமல் இருக்க, குளிரறைக்கு ஒன்று என்று தனி சப்-மீட்டரை இந்த மாதமே மாட்டிவிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கு ஒரு வருஷமாவது கையில் இருக்கணும்.